ஒரு பெயர் மட்டும்

மார்ச் 3, திங்கள்

சனிக்கிழமைக்கு: ஆட்டிறைச்சி ரோல்ஸ் நூற்றிருபது, முட்டை வைத்த மிதிவெடி ஐம்பது, உழுந்து வடை நூறு. பிறந்தநாள் வீடு. மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து எடுப்பார்கள்.

இந்த டயறி பொங்கலுக்குச் சாமான் வாங்கியபோது தமிழ்க்கடையில் சும்மா கொடுத்தது. ஓடர் எழுதத்தான் வைத்திருக்கிறேன். ஓடருக்கு இரண்டு வரி போதும், மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது, அதை வீணாக்க எனக்கு மனம் வராது. வாயால் சொல்லாததை எல்லாம் கையால் சொல்கிறவள் என்று இவர் இருந்த காலத்தில் என்னைக் கேலி செய்வார். இவர் போய்ப் பதினொரு வருடம்.

மகள் ஆரணி இன்றைக்கு முழுவதும் கொம்பியூட்டருக்கு முன்னால். விமான நிலையத்தில் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், இருபத்துநான்கு வயதில் நிரந்தர வேலை. நேர்முகம் முடிந்துவிட்டது. இனிப் பாதுகாப்பு விசாரணை மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு படிவம், பதினாறு பக்கம். ஐந்து வருடமாக எங்கே இருந்தீர்கள், குடும்பத்தில் யார் யார், எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் தை மாதம்தான் இதே கட்டடத்தில் 1204இல் இருந்து 807க்கு இறங்கி வந்தோம். லிஃப்ட் பழுதானால் பன்னிரண்டு மாடி ஏற என் முழங்கால் சம்மதிக்கவில்லை. வங்கி, ஆஸ்பத்திரி, வரித் திணைக்களம் என்று எல்லா இடத்திலும் ஆரணி அந்தக் கிழமையே விலாசத்தை மாற்றிவிட்டாள். நான் மாற்ற வேண்டியிருந்தது ஒன்றுதான், தமிழ்க்கடைப் பலகையில் ஒட்டிய என் விளம்பரம். 'தவம் அன்ரியின் வீட்டுச் சிற்றுண்டிகள்' என்று, கீழே என் முழுப்பெயர், விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் போட்டது. ஃபோன் நம்பர் சரிதானே என்று விட்டுவிட்டேன்.

படிவத்தை அனுப்பும் முன் ஆரணி திரும்பிப் பார்த்தாள். "அம்மா, எழுத முதல் கேக்கிறன். எங்கட வீட்டிலை நான் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம் ஏதும் இருக்கே?"

இல்லை என்றேன். ரோல்ஸ் விற்ற காசு கையோடு வருகிறது, கையோடு போகிறது. ஆறு வருடமாக அதை எந்த வரிப் படிவத்திலும் நான் எழுதவில்லை. அது ஒரு விசயமா?

மார்ச் 4, செவ்வாய்

காலை பத்து மணிக்கு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. மெஷின் குரல், இங்கிலிஷ். எனக்கு விளங்கியது வரி, வழக்கு, கைது மூன்றும்தான். ஒன்றை அழுத்து என்றது. அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்?

ஓர் ஆள் வந்தான், ஒஃபிசர் இன்னார் என்றான். என் முழுப்பெயர் சொன்னான். தெருப்பெயர் சொன்னான். நான் வீட்டில் சாப்பாடு செய்து விற்கிறேன், வரி கட்டவில்லை, வாரண்ட் எழுதியாகிவிட்டது என்றான். அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். இங்கிலிஷ் வராது என்று சொல்ல, உடனே மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தந்தான். அவர் பெயர் நிமல். எங்கள் ஊர்த் தமிழ். வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை போலக் கதைத்தார்.

"அக்கா, அழாதேங்கோ. இவங்கள் ஆக்களைப் பிடிக்கத்தான் நிக்கிறாங்கள். நான் சொல்லுற மாதிரிச் செய்தியள் எண்டால் உங்களைக் காப்பாத்தலாம். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. வீட்டிலை ஆர் இருக்கினம்?"

மகள் என்றேன். என்ன செய்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதையும், விசாரணை நடப்பதையும் எல்லாம் சொன்னேன்.

"அப்ப மகளுக்குச் சொல்லவே கூடாது, அக்கா. சொன்னால் அவவுக்கும் தெரிஞ்சிருக்கு எண்டு அவவின்ரை ஃபைலிலை ஏறிடும். அந்த வேலை போச்சு."

ஒருத்தருக்கும் சொல்லாதே என்றால் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் பிரச்சினைக் காலத்தில் வளர்ந்தவள். யார் வந்தது, யார் போனது, யார் எங்கே ஒளித்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லாமல் வளர்ந்தோம். சொன்ன வீடுகளுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும்.

உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது. ஆரணி வந்து மணக்கிறதே என்றாள். ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்துவிட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

மார்ச் 5, புதன்

ஒன்பதே முக்காலுக்கு ஃபோன் அடித்தார்கள். வரிக்காசைக் கிஃப்ட் கார்டாகக் கட்டினால் வழக்கை நிறுத்தலாம் என்றார் நிமல். இப்போது அரசாங்கம் இப்படித்தான் வாங்குகிறதாம். ஃபோனை வைக்காமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போகச் சொன்னார். யாரும் கேட்டால் பிள்ளைகளுக்குப் பரிசு என்று சொல்லச் சொன்னார்.

பனி கரைந்து மறுபடி உறைந்து நடைபாதை முழுக்கக் கண்ணாடி. பைக்குள் அவர்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைப் பெண் கார்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு இங்கிலிஷில் மெல்லமாக ஏதோ கேட்டாள். நான் பரிசு என்றேன். சிரித்தும் காட்டினேன். என்னால் அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

மூன்று கார்ட். பின்பக்கத்தைச் சுரண்டி இலக்கங்களை வாசித்தேன். நிமல் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நல்ல பிள்ளை அக்கா நீங்கள் என்றார். எனக்கு ஐம்பத்துநான்கு வயது.

கோதுமை மாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்னும் இரண்டு கார்ட். வாங்கிக்கொண்டு கட்டடத்துக்குத் திரும்பும்போது ஒஃபிசர் அதட்டி உறுக்கினான். நான் பதில் சொல்லப் பிந்திவிட்டேனாம். பொலிஸ் வந்துவிட்டதாம், இப்போதே 1204 வாசலில் நிற்கிறார்களாம், தன் ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறார்களாம்.

நான் கீழே லிஃப்டுக்கு முன்னால் நின்றேன். 1204இல் இப்போது ஒரு சீனக் குடும்பம், கைக்குழந்தை இருக்கிறது. என்னால் அந்தக் குழந்தை பயந்து எழும்பப் போகிறதே என்று அழுகை வந்தது. எட்டாம் மாடிக்குப் போகப் பயமாக இருந்தது. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்று இலக்கங்களை வாசித்துக் கொடுத்தேன். கொடுத்தவுடன் பொலிஸைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

மேலே வீட்டுக்கு வந்த பிறகு நிமல், கார்டையும் கடை தந்த ரசீதுத் துண்டையும் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடச் சொன்னார். வெட்டுகிற சத்தம் தனக்குக் கேட்க வேண்டும் என்றார்.

இது மட்டும் என்னால் முடியவில்லை. என்னிடம் ஒரு பை இருக்கிறது. ரேஷன் கூப்பன் மட்டை, ஊரை விட்டு வெளிக்கிட எடுத்த பாஸ், கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பதிவு செய்த கடதாசி, இங்கே அகதி வழக்குக் கடிதம், இவருடைய கடைசி ஆஸ்பத்திரித் துண்டு வரைக்கும் அதற்குள். எந்த அதிகாரி எப்போது எதைக் கேட்பான் என்று யாருக்குத் தெரியும்? துண்டு இல்லாதவன் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஊரில் வரி வாங்கின இயக்கக்காரர்கள்கூடத் துண்டு தந்துவிட்டுத்தான் போவார்கள்.

தமிழ்க்கடையின் மலிவு விற்பனைத் தாளை எடுத்து ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்துக் கறகறவென்று வெட்டினேன். கார்டுகள் பைக்குள் போயின. அரசாங்கத்துக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று நாள் முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 7, வெள்ளி

இனிக் காசு இல்லை என்றேன். நிமல் பெருமூச்சு விட்டார். தனக்கு மேலே இருக்கிறவர்கள் விடமாட்டார்கள், ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார்.

"உங்களை மாதிரி வீட்டிலை சமைச்சு விக்கிற வேற ஆக்கள் இருப்பினம்தானே. ஒரு பேர் மட்டும் சொல்லுங்கோ அக்கா. நம்பரும். அதோடை உங்கட ஃபைலை மூடுறம். மகளின்ரை விசயமும் கிளீன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, மச்சம் மாமிசம் இல்லை. பருப்பும் கீரையும் வைத்தேன். குளியலறை கழுவினேன். உடுப்புத் தோய்த்து மடித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்று. ஊர் ஆட்களை எல்லாம் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் வரிசையாக நிற்பாட்டினார்கள். ஒரு ஜீப்புக்குள் தலையாட்டி இருந்தான். தலை முழுவதும் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். தலை ஆடினால் ஆமியோடு போக ஒரு பக்கம், ஆடாவிட்டால் வீட்டுக்குப் போக மற்றப் பக்கம். அப்பா போனபோது ஆடவில்லை. எங்கள் கணக்கு வாத்தியாருக்கு ஆடியது. சாக்குக்குள் இருந்தது யார் என்று ஊர் பல வருடம் கதைத்தது. கண்டுபிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் கதைத்தது, நானும் சேர்ந்து கதைத்திருக்கிறேன்.

அவனுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் முதல்தடவையாக நினைத்தேன்.

பின்னேரம் ஃபோன் வரவில்லை. ஃபைலை மூடிவிட்டார்கள்.

மார்ச் 8, சனி

ஓடர் கொடுத்தாயிற்று. மிதிவெடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று பிறந்தநாள் பிள்ளை கேட்டதாம். தாய் சிரித்துக்கொண்டே சொன்னா. முட்டை வைத்த பெரிய ரோல்ஸுக்கு வெடியின் பெயர் வைத்தவர்கள் நாங்கள்தான், வேறு யாருக்கு அந்தத் துணிவு வரும்?

காலை ஆறரைக்கு மலர் அக்கா வந்தா. இராசமலர் என்பது முழுப்பெயர். அறுபத்துமூன்று வயது, பத்து நிமிட நடையில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தனியாக இருக்கிறா. பெரிய ஓடர் என்றால் வடையும் மோதகமும் அவவின் பொறுப்பு, தனக்கென்றும் சின்னச் சின்ன ஓடர் எடுப்பா. இவர் செத்த மாதம் முழுவதும் என் வீட்டில் படுத்து எழும்பினவ. என்னை அழவிட்டவவும் அவதான், அழுதது போதும் என்று எழுப்பினவவும் அவதான்.

வழமையாக வாசலில் நுழையும்போதே ஊர்க்கதை தொடங்கும். இன்றைக்குக் கதையே இல்லை. ஃபோனைக் கவிழ்த்துத் தன் பக்கத்திலேயே வைத்திருந்தா. அது மேசையில் அதிரும்போதெல்லாம் கை நின்றது. இரண்டு தடவை ஃபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினா. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தது.

வடைக்கு ஓட்டை போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டா. "தவம், உமக்கு ஏதும் ஃபோன் கீன் வந்ததே?"

இல்லை அக்கா என்றேன்.

"அப்ப சரி," என்றா. அவவின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்ததுபோல் இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஃபோன் இல்லை. அவர்களுக்கும் ஞாயிறு லீவு போலும். மலர் அக்கா கோயிலுக்கு வரவில்லை. பதினெட்டு வருடத்தில் அவ வராத ஞாயிறு எனக்கு நினைவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் தபால் பெட்டியில் கடிதம். உறையில் வரித் திணைக்களத்தின் பெயர். லிஃப்டுக்குள் ஏறி எட்டை அழுத்த மறந்து நின்றிருக்கிறேன், அது தானாகப் பதினைந்துக்குப் போனது.

திறக்கவில்லை. அரிசி டின்னுக்குள் வைத்தேன். மூன்று மணிக்கு வந்த ஆரணி சோறு போட அரிசி எடுக்கப் போனாள். என் கெட்டகாலம் என்று நினைத்தேன்.

அவள் நின்றபடியே கிழித்து வாசித்தாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். வாரண்ட் எந்தத் தேதி போட்டிருக்கு என்று கேட்டுவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என்ன வாரண்ட் என்றாள். அது அரசாங்கம் வருடத்தில் நாலு தடவை எனக்குத் தருகிற ஜிஎஸ்டி உதவிக்காசின் கடிதம். விலாசம் மாறிய விவரம் கிடைத்தது, இனிக் காசு புது விலாசத்துக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் பெயர், அதன் கீழே 807. கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான திணைக்களத்துக்கு 807 என்று தெரியும். வாசலில் பொலிஸ் நிற்கிறது என்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை? என் பெயர், 1204, சாப்பாடு விற்கிறேன் என்ற கதை, ஃபோன் நம்பர், எல்லாம் சேர்ந்து ஓர் இடத்தில்தான் இருக்கிறது. தமிழ்க்கடைப் பலகையில், என் கையாலேயே எழுதி ஒட்டியபடி. மகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நான் சொன்னது மட்டும்.

ஆரணியிடம் சொன்னேன். கார்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நான் பக்கத்து அறையிலைதானே அம்மா படுக்கிறன்," என்று மட்டும் சொன்னாள். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்றால் அது பதில் ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. விசாரணைக்காரர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றாள். அந்த ஆறு வருடக் காசைப் பற்றி நாங்களே திணைக்களத்துக்கு எழுதுவோம், கட்ட வேண்டியதைக் கட்டுவோம், அது வேறு கதை என்றாள்.

நாலரைக்குப் பொலிஸுக்கு ஃபோன் அடித்தாள். அவர்களும் மொழிபெயர்க்க ஒரு பெண்ணைத் தந்தார்கள். தமிழ்க் குரலைக் கேட்டதும் நான் கதிரையை ஃபோனை விட்டுத் தள்ளி இழுத்தேன். அந்தப் பெண் முதலில் சொன்னது, களைப்பாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிற்பாட்டலாம், பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளலாம் என்று. நிமல் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. எந்த அரசாங்க அலுவலகமும் வரியைக் கிஃப்ட் கார்டில் வாங்காது என்றும், ஒருவருக்கும் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே ஃபோனை வைக்க வேண்டும் என்றும் பொலிஸ் அதிகாரி சொன்னதைச் சொன்னா. கார்ட் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பெரும்பாலும் ஆட்கள் வெட்டிப் போட்டிருப்பார்களாம், நான் வைத்திருப்பது நல்லதாம். ஐந்தில் ஒன்று இன்னும் செலவாகவில்லை என்று பிறகு தெரிந்தது.

எல்லாம் முடியப் போகிறது என்று இருந்தேன். கடைசிக் கேள்வி வந்தது. "வேற ஆற்றையாவது பேர், ஃபோன் நம்பர் அவைக்குக் குடுத்தனீங்களோ?"

ஆரணி பக்கத்தில் இருந்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. இல்லை என்று சொல்லலாம். நாலு நாளாக இந்த டயறிக்கே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் என் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஓம் என்றேன். இராசமலர் என்றேன். நம்பரைச் சொன்னேன். அன்றைக்கும் இதே மாதிரித்தான், பார்க்காமலே, மனப்பாடமாக.

ஆரணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை.

உடனே மலர் அக்காவுக்கு அடித்தோம். ஓயாமல் பிஸி. ஐந்தரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம், ஓடினோம் என்றும் சொல்லலாம். பேஸ்மென்ட் படிக்கு மேலே ஆரணியை நிற்கச் சொன்னேன். இதற்கு நான் தனியாகப் போக வேண்டும்.

கதவு பூட்டியிருக்கவில்லை. மலர் அக்கா கோட்டும் சப்பாத்துமாகக் கட்டில் விளிம்பில் இருந்தா. மடியில் கைப்பை. கழுத்தில் எப்போதும் கிடக்கும் சங்கிலி இல்லை, நகைக் கடைக்கு வெளிக்கிட்டபடி இருந்திருக்கிறா. மேசையில் வெட்டிய கார்டுத் துண்டுகள் கிண்ணம் நிறைய. ஃபோன் காதில். என்னைக் கண்டதும் விரலை வாயில் வைத்து, போ போ என்று கையால் காட்டினா.

நான் ஃபோனை வாங்கிக் கட் பண்ணினேன். அவவின் முகம் வெளிறிப்போயிற்று. பொய் அக்கா, எல்லாம் பொய் என்று தொடங்கி, 807 கதையில் இருந்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவவுக்கு ஏறவே இல்லை. கடைசியில் கோட்டுப் பித்தான்களைக் கழற்றத் தொடங்கினா. கழற்றிக்கொண்டே சொன்னா.

"உம்மட பேரைத்தான் கேட்டவங்கள், தவம். வேற ஆர் சமைச்சு விக்கிறது, ஒரு பேர் சொல்லுங்கோ, உங்களை விட்டிடுறம் எண்டு. மூண்டு நாளாக் கேட்டவங்கள். ஒரு பிள்ளை வேலைக்கு எழுதிப்போட்டுட்டு நிக்குது, நான் சொல்லமாட்டன் எண்டிட்டன். அதுக்குத்தான் இவ்வளவு காசும். உமக்கு ஃபோன் வரேல்லை எண்டு சனிக்கிழமை நீர் சொன்னாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

அந்த அறைக்கு ஒரு சின்ன யன்னல்தான், மேலே, பனி மூடிக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். இப்போது சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் தெரிந்தது. அவவுக்கு எப்படித் தெரியப்போகிறது? பொலிஸ் சொல்லாது. ஆரணி சொல்ல மாட்டாள். சாக்குக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது.

"அக்கா, உங்கட பேரைக் குடுத்தது நான்தான்," என்றேன்.

அவ கோட்டை ஆணியில் கொளுவினா. கேத்திலைப் போட்டா. பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்தா, பிறகு ஒன்றைத் திருப்பி வைத்தா.

அப்போது மேசையில் ஃபோன் அடித்தது. இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது. மறுபடி அடித்தது. மலர் அக்கா அதை எடுத்து என்னிடம் நீட்டினா.

"நீரே கதையும்."

பச்சையை அழுத்தினேன். அதே குரல். "அக்கா, ஏன் கட் பண்ணினனீங்கள்? ஒஃபிசர் கோவத்திலை நிக்கிறார்." தெரிந்த பிறகும், பொய் என்று தெரிந்த பிறகும், அந்தக் குரலுக்கு என் உடம்பு பயந்தது. நான் பேசாமல் நிற்க, யார் கதைக்கிறது என்று கேட்டான்.

"தவநிதி," என்றேன். "நீங்கள் 1204 வாசலிலை பொலிஸ் நிக்குது எண்டு பயப்படுத்தின ஆள். நான் 807. பொலிஸிலை உங்களைப் பற்றிச் சொல்லியாச்சு. கார்ட் ஒண்டையும் நான் வெட்டேல்லை."

அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

மலர் அக்கா தேத்தண்ணியைத் தனக்கு ஊற்றிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தா. ஆரணியை உள்ளே கூப்பிட்டேன். அவள் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து பொலிஸுக்கு அடித்துக் கொடுத்தாள். நான் படியில் போய் இருந்தேன். சப்பாத்துப் பனி கரைந்து காலுறை நனைந்தது.

மார்ச் 12, புதன்

ஃபோன் அடித்தால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. ஆரணி தெரியாத நம்பர்களை எல்லாம் தடுத்து வைத்திருக்கிறாள். அடிக்காமல் இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

தமிழ்க்கடைக்குப் போய் என் விளம்பரத்தைக் கழற்றினேன். அந்த இடத்தில் வேறு ஒன்று ஒட்டினேன். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது:

'என் பெயர் தவநிதி. ரோல்ஸ் செய்து விற்கிறவள். வரித் திணைக்களம் என்று எனக்கு ஃபோன் வந்தது. தமிழில் அன்பாகக் கதைத்தார்கள். பயந்துபோய்க் கார்ட் வாங்கிக் கொடுத்தேன். பயந்துபோய் இன்னொருவரின் பெயரையும் கொடுத்தேன். உங்களுக்கும் வந்தால் வைத்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள், பொலிஸுக்குச் சொல்லுங்கள். சொல்ல ஆளில்லாவிட்டால் எனக்கு அடியுங்கள்.'

கீழே ஃபோன் நம்பர். வீட்டு இலக்கத்தை ஆரணி வெட்டச் சொல்லிவிட்டாள். கார்ட் வாங்கின வரியையும் பெயர் கொடுத்த வரியையும் எடுத்துவிடலாமே, ஊர் கதைக்குமே என்றார் கடைக்காரர். கதைக்கட்டும் என்றேன். கோயில், கல்யாண வீடு, பஸ், இனி எங்கே போனாலும் என்னை இன்னாள் என்று தெரிந்துதான் பார்ப்பார்கள்.

மார்ச் 15, சனி

ரோல்ஸ் எண்பது, வடை அறுபது. வடையை விட்டுவிடச் சொல்லி ஓடர்காரருக்கு அடிக்க இருந்தேன். காலை ஆறரைக்குக் கதவு தட்டிய சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. அரைத்த உழுந்துமா, சட்டியோடு, துணி கட்டி நிலத்தில் இருந்தது. லிஃப்ட் கீழே போய்க்கொண்டிருந்தது.

வடை நன்றாக வந்தது. அவவின் கைப்பக்குவத்துக்கு என் ஓட்டைதான் சரியில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு நாளில் நாலு பேர் எனக்கு அடித்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், இரண்டு தடவை கார்ட் வாங்கியிருக்கிறார், மனைவிக்கும் தெரியாது. ஒரு பெண் கதைக்கவே இல்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டா. இரண்டு பேரைப் பொலிஸுக்குச் சொல்ல வைத்தேன். ஒருவர், நீதானே பெயர் குடுத்தவள் என்று கேட்டுவிட்டு, பிறகு தன் கதையைச் சொன்னார். ஓம், நான்தான் என்றேன்.

பின்னேரம் உழுந்து வாங்கத் தமிழ்க்கடைக்குப் போனேன். பலகையைப் பார்க்காமல் போய்விட நினைத்தேன். கடைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார்.

என் கடதாசியின் அடியில், என் நம்பருக்குக் கீழே, நீலப் பேனையால் சரிவாக இரண்டு வரி எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக மோதகப் பெட்டிகளின் மூடியில் பார்த்தது.

'அவ சொன்ன அந்தப் பெயர் என்னுடையது. எனக்கும் அடிக்கலாம். இராசமலர்.'

உழுந்து வாங்க மறந்து வந்துவிட்டேன்.